ரெண்டு குடும்பம், நாலு வாண்டு, ஒரு பீச்

கேள்வி: அக்கா, நானும் என் காலேஜ் ஃப்ரெண்டும் குடும்பத்தோட சேர்ந்து அஞ்சு நாள் பீச் ட்ரிப் போலாம்னு மூணு மாசமா பேசிட்டே இருக்கோம், பேச்சு தான் போகுது, நாங்க போகல. எனக்கு 6 வயசுல ஒருத்தன், 2 வயசுல ஒருத்தி. அவளுக்கு 4 வயசுப் பையன், அப்புறம் 5 மாசக் கைக்குழந்தை. மூணு இடம் பாத்து வெச்சிருக்கோம். ஒண்ணு திறந்த கடல், பெரிய அலை, சர்ஃபிங் பண்றவங்க வர்ற இடம், இது எங்க வீட்டுக்காரர் சாய்ஸ். ரெண்டாவது ஒரு தீவு, போட்டோ பாத்தா சொக்கிப் போயிடுவீங்க, ஆனா ஃப்ளைட்ட விட்டு இறங்கி கார்ல மூணு மணி நேரம், அதுக்கப்புறம் போட், இது ஃப்ரெண்டோட ஆசை. மூணாவது ஒரு வளைகுடா ஓரத்துல சின்ன ஊர், அலையே இருக்காது, குளம் மாதிரி இருக்கும்ங்கறாங்க, ரிவ்யூல நெறைய பேர் "போர்"னு எழுதியிருக்காங்க. எங்க போறது? சண்ட வராம முடிவு பண்ண வழி சொல்லுங்க.
– ரெண்டு வாண்டுகளோட அம்மா

பதில்: அந்த "போர்"னு எழுதினது யாருன்னு கொஞ்சம் உள்ள போய் பாரும்மா. அலை இல்ல, கூட்டம் இல்ல, ராத்திரி ஒம்போது மணிக்கே ஊர் அடங்கிடுதுன்னு புலம்பியிருப்பாங்க, ரெண்டு வயசுக் குழந்தையோட போறவளுக்கு இது மூணும் குறையா வரமான்னு நீயே சொல்லு. மூணாவது இடத்துக்கே டிக்கெட் போடுங்க. ஏன்னும் சொல்லிடறேன், அப்ப தான் மத்தவங்க கிட்ட எடுத்துச் சொல்ல வசதியா இருக்கும்.

நீங்க எல்லாரும் கடலத் தேடிட்டு இருக்கீங்க, உங்க பசங்களுக்கு அவ்ளோ கடல் வேண்டியதே இல்ல, கணுக்கால் நனையற தண்ணியும் ஈர மண்ணும் இருந்தா போதும், ஆறு வயசுக்காரனுக்கே முழங்கால் தாண்டி அங்க ஒரு வேலையும் இல்ல. அதனால அழகு, அலை எல்லாம் அப்புறம், கரை எப்படி இறங்குதுன்னு தான் முதல்ல பாக்கணும். மெதுவா சரிஞ்சு இறங்கற கரைன்னா அலை தூரத்துலயே உடைஞ்சு வரி வரியா நுரையா வந்து காலத் தொடும். செங்குத்தா இறங்கற கரைன்னா அலை நேரா ஓரத்துல வந்து பொத்துன்னு விழும், அது பெரியவங்களையே கவுத்துப் போட்டு கழுத்துல அடிபட வெச்சிடும், நாலு வயசுப் பையன் எல்லாம் நிக்கவே முடியாது. இதக் கண்டுபிடிக்க அங்க போக வேண்டியதில்ல, மேப்புல சாட்டிலைட் வியூ போட்டு பாரு, கரையிலேர்ந்து தள்ளி ரெண்டு மூணு வெள்ளை வரி தெரிஞ்சா சரிவு கம்மின்னு அர்த்தம், ஓரத்துல ஒட்டினாப்ல ஒரே ஒரு வரி மட்டும்னா கொஞ்சம் யோசி. ரூம் புக் பண்ற எடத்துக்கு ஃபோன் போட்டா "சார் பீச் சேஃபா"ன்னு மட்டும் கேக்காத, சேஃப் தான் மேடம்னு தான் பதில் வரும். "தண்ணிக்குள்ள இருவது எட்டு வெச்சா எனக்கு எது வரைக்கும் வரும், முழங்காலா இடுப்பா"ன்னு கேளு, தினம் அந்தக் கடல்ல கால் நனைக்கறவன் டக்குனு சொல்லிடுவான், தெரியாதவன் "ஒரு நிமிஷம் மேடம்"னு வேற ஆளக் கூப்பிடுவான்.

இப்ப உங்க வீட்டுக்காரரோட எடம். பெரிய அலை அடிக்கற திறந்த கரையில பயப்பட வேண்டியது அலைக்கு இல்ல, அலை கொண்டு வந்து கொட்டின தண்ணி திரும்பிப் போற வழிக்கு. ரிப் கரன்ட்னு சொல்லுவாங்க, கரையில குமிஞ்ச தண்ணி எல்லாம் ஒரு குறுகலான பாதையப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு ஓடும், வேகம் பிடிச்சா வினாடிக்கு 8 அடி வரைக்கும் போகும், நீச்சல் சாம்பியனே எதிர்த்து நீந்த முடியாத வேகம் அது. இதுல மோசம் என்னன்னா, பாக்க அந்த எடம் தான் அமைதியா தெரியும், ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு வெள்ளையா இருக்கும், நடுவுல கொஞ்சம் கருப்பா நுரையே இல்லாம ஒரு சந்து, "அட இங்க அலை கம்மியா இருக்கே, பசங்கள இங்க எறக்கலாம்"னு எந்த அம்மாவுக்கும் தோணும். ஆத்து முகத்துவாரம், கல்லு கொட்டின தடுப்புச் சுவர், பாலத்துத் தூண், இதுக்குப் பக்கத்துல எல்லாம் இது அதிகம். யாராவது மாட்டிக்கிட்டா கரையப் பாத்து நீந்தி சோர்ந்து போகக் கூடாது, அது உள்ள தான் இழுக்கும், அடியில அமுக்காது, மிதந்துட்டே கையத் தூக்கி ஆளக் கூப்பிடணும், தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். இது பெரியவங்களுக்கு. ஆறு வயசுக்காரனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்து கடல்ல விட முடியுமா?

தீவு பத்தி ரெண்டே கேள்வி தான், ஃப்ரெண்டு கிட்டயே கேளு. கைக்குழந்தை சைஸ்ல லைஃப் ஜாக்கெட் அந்த போட்ல இருக்கா? ராத்திரி ரெண்டு மணிக்கு காய்ச்சல் ஏறினா டாக்டர் எங்க, போட் ஓடுமா? ரெண்டுக்கும் தெளிவா பதில் வந்தா கூட, ஃப்ளைட், காரு, போட்னு மூணு தடவ மாறி ஏறி எறங்கி போய்ச் சேர்ற நாள் ஒரு நாள், திரும்பி வர்ற நாள் ஒரு நாள், அஞ்சுல ரெண்டு போச்சு. அந்தப் பாப்பா நடக்க ஆரம்பிச்சு நாலு வார்த்தை பேசட்டும், அப்ப தீவுக்கு நானே சப்போர்ட் பண்றேன்.

மூணாவது எடத்துலயும் கேக்க வேண்டியது இருக்கு, நான் சொல்லிட்டேன்னு கண்ண மூடிட்டு புக் பண்ணிடாத. மெதுவா சரியற வளைகுடால கடல் வத்தும்போது தண்ணி ரொம்ப தூரம் உள்ள போயிடும், சில எடத்துல சேறு மட்டும் தான் மிஞ்சும். பெரும்பாலான கரைகள்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, தினமும் முக்கால் மணி, ஒரு மணி தள்ளிப் போயிட்டே இருக்கும், அமாவாசை பௌர்ணமி ஒட்டி இந்த ஏத்த எறக்கம் இன்னும் பெருசா இருக்கும். நீங்க போற தேதிக்கு டைட் டேபிள், அதாவது கடல் ஏறி வத்தற நேர அட்டவணை, நெட்ல கிடைக்கும், அதப் பாத்துட்டு காலைல பசங்க ஃப்ரெஷ்ஷா இருக்கற நேரத்துல தண்ணி இருக்குமான்னு பாத்துக்கோ.

அடுத்தது தான் என்னப் பொறுத்த வரைக்கும் பாதி ட்ரிப்பத் தீர்மானிக்கற விஷயம், ரூமுக்கும் தண்ணிக்கும் எவ்ளோ தூரம். "சீ வியூ"னு போட்டிருந்தா ஏமாந்துடாத, கடல் தெரியற ரூம் வேற, கடலுக்கு நடக்கற ரூம் வேற. காலைல ஒம்போதரைக்கு என்ன நடக்கும் தெரியுமா, சின்னவளுக்கு தூக்கம் வந்து சிணுங்க ஆரம்பிப்பா, பெரியவனுக்கு பாத்ரூம் வரும், அதே நேரம் பாப்பாவுக்கு பசிக்கும். ஒரு கையில ஈரத் துண்டு, ஒரு கையில பக்கெட்டு, இடுப்புல மண்ணு ஒட்டின குழந்தை, கால்ல ஒத்தச் செருப்பு, இன்னொன்னு எங்கன்னே தெரியாது. அந்தக் கோலத்துல மூணு நிமிஷம் நடந்தா ரூம் வரணும். பத்து நிமிஷம், நடுவுல ஒரு மெயின் ரோடு க்ராஸ் பண்ணணும்னா ரெண்டாவது நாளே "இன்னிக்கு ரூம்லயே இருக்கலாமே"ன்னு ஆரம்பிச்சிடும். சரிவும் தூரமும் சரியா இருந்தா கட்டில் சுமாரா இருந்தாலும் பரவால்ல.

அஞ்சு மாசக் குழந்தைக்கு மரமோ கூரையோ போட்ட நிஜ நிழல் வேணும், குடை மட்டும் போதாது, வெயில் மேலேர்ந்து மட்டும் வர்றதில்ல, காய்ஞ்ச மணல் புற ஊதாக் கதிர்ல 15 சதவீதம், கடல் நுரை 25 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு சன்ஸ்கிரீன் பொதுவா வேண்டாம்ங்கறாங்க, கை கால் மூடற மெல்லிசு டிரஸ்ஸும் தொப்பியும் நிழலும் தான். மத்த மூணுக்கும் டப்பால எஸ்பிஎஃப் 30 இல்ல அதுக்கு மேல போட்டிருக்கற சன்ஸ்கிரீன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, தண்ணிய விட்டு வந்ததும் திரும்ப ஒரு தடவ. பத்து மணிக்கு மேல நாலு மணி வரைக்கும் பீச் கடை மூடின மாதிரி நெனச்சுக்கோங்க, நிழல் உங்க உயரத்த விடக் குட்டையா விழுந்தா உள்ள போயிடணும், இதப் பசங்களே ஒரு வெளையாட்டா கண்டுபிடிச்சு சொல்லுவாங்க.

இப்ப நான் சொல்லப் போறது ரெண்டு குடும்பமா போறதால மட்டும் வர்ற ஆபத்து, இத எங்க வீட்டுலயே பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. என் பொண்ணுக்கு அப்ப மூணு வயசு. நாங்களும் இன்னொரு குடும்பமும், பெரியவங்க நாலு பேர், பாய விரிச்சு வரிசையா உக்காந்திருக்கோம், தண்ணி இருவது அடி தள்ளி இருக்கு. அவளோட மஞ்ச பக்கெட்ட அலை எடுத்துட்டுப் போச்சு, அவ பின்னாடியே போயிருக்கா. கத்தல, அழல. நான் ஏதோ சொல்லி சிரிச்சிட்டு திரும்பறேன், நுரையில சப்பணம் போட்டு உக்காந்திருக்கா, அலை திரும்பும்போது அவ அடியில இருந்த மண்ண உருவிட்டுப் போகுது, அவ மெதுவா மல்லாக்க சாயறா, முகத்துல ஆச்சரியம் தான், பயம் கூட இல்ல. ஓடித் தூக்கினேன், ரெண்டு வாய் தண்ணி குடிச்சதோட போச்சு. அப்புறம் நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறோம், நீ பாக்கறேன்னு நெனச்சேன், நான் அவரு பாக்கறார்னு நெனச்சேன். ஒரே ஒரு ஆள் இருந்திருந்தா கண்ண எடுத்திருக்கவே மாட்டா, நாலு பேர் இருந்ததால தான் யாருமே பாக்கல. சினிமால காட்டற மாதிரி கை ஆட்டிக் கத்தி எல்லாம் குழந்தைங்க முங்கறதில்ல, சத்தமே வராது.

அன்னிக்கு சாயந்தரம் ஒரு ஆரஞ்சு தொப்பி வாங்கினோம், கண்றாவியா இருக்கும். அது யார் தலையில இருக்கோ அவங்க ட்யூட்டில இருக்காங்க, ஃபோன் தொடக் கூடாது, பேச்சுல கலந்துக்கக் கூடாது, உக்காரக் கூடாது, தண்ணிக்கும் பசங்களுக்கும் நடுவுல தான் நிக்கணும். இருவது நிமிஷம் ஆனதும் தொப்பிய அடுத்தவங்க தலையில கையால வெச்சு "இப்ப நீ"ன்னு வாயத் திறந்து சொல்லணும். இதத் தொடர்ந்து பண்ணினா நாலு பெரியவங்கள்ல மூணு பேர் நிம்மதியா உக்காரலாம், ரெண்டு குடும்பமா போறதோட லாபமே அது தான்.

சண்ட வராம இருக்கவா? வீட்டுக்காரர ஒரு நாள் விடியக்காலைல ஃப்ரெண்டோட ஹஸ்பெண்டோட அந்தப் பெரிய அலைக்கு அனுப்பி வை, பக்கத்துல எங்கயாவது லைஃப் கார்ட், அதாவது கடல்ல மாட்டினவங்களக் காப்பாத்தற ஆளு, நிக்கற கரை இருக்கான்னு பாத்துட்டு. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி ரெண்டு நட்டிருந்தா அதுக்கு நடுவுல தான் குளிக்கணும், முழுச் சிவப்புன்னா ரொம்ப ஆபத்து, ரெட்டைச் சிவப்புன்னா இறங்கவே கூடாது, ஊதாக் கொடின்னா ஜெல்லி மாதிரி கொட்டறது ஏதோ தண்ணில இருக்கு. ஒம்போது மணிக்குள்ள ரெண்டு பேரும் திரும்பிடணும். அடுத்த நாள் அதே நேரம் உனக்கும் அவளுக்கும், அவங்க ரெண்டு பேரும் நாலையும் பாத்துக்கட்டும்.

கேள்வி: நாங்களும் ரெண்டு குடும்பம் தான் மேடம். எல்லாரும் சேர்ந்து தனி நீச்சல் குளத்தோட ஒரே வில்லா எடுக்கறதா, ஹோட்டல்ல ரெண்டு ரூமா? செலவ எப்படிப் பிரிக்கறது? எங்களுக்கு ஒரு குழந்தை, அவங்களுக்கு மூணு.

பதில்: சின்னப் பசங்க இருந்தா தனிக் குளம் வேண்டாம் தம்பி, இதுல நான் கறார். கடலுக்குப் போகும்போது எல்லாரும் உஷாரா இருப்பீங்க, குளம் வீட்டுக்குள்ளயே இருக்கறதால மறந்துடுவீங்க, எல்லாரும் பெட்டிய அடுக்கிட்டு இருக்கற அந்த முதல் அரை மணி நேரத்துல தான் ஒருத்தன் கதவத் திறந்துட்டுப் போவான். எடுத்தே ஆகணும்னா நாலு பக்கமும் தனி வேலி, தானா மூடிக்கற கேட், தாழ்ப்பா குழந்தைக்கு எட்டாத உயரத்துல, இது இருக்கற போட்டோவ அனுப்பச் சொல்லிக் கேளுங்க. குளம் இல்லாத வீடு கிடைச்சா ஒரே வீடு நல்லது தான், ஆனா பெட்ரூம் தனித்தனி, பாத்ரூம் ரெண்டு, நடுவுல ஒரு ஹால். உங்க குழந்தை எட்டு மணிக்குத் தூங்கும், அவங்களது பத்தரை வரைக்கும் ஆடும், சுவர் நடுவுல இல்லன்னா நட்பு தாங்காது.

செலவு விஷயம், வாடகைய பெட்ரூம் கணக்குல பிரிங்க, வண்டிய சீட் கணக்குல, சாப்பாட்ட பெரியவங்க ஒண்ணு குழந்தை அரைன்னு வெச்சுக்கோங்க. எப்படிப் பிரிக்கறீங்கங்கறத விட எப்பப் பேசறீங்கங்கறது தான் முக்கியம், அட்வான்ஸ் கட்றதுக்கு முன்னாடி பேசிடுங்க, கூடவே ஒரு குழந்தைக்கு காய்ச்சல் வந்து ஒரு குடும்பம் கடைசி நேரத்துல வரலன்னா அந்தப் பணம் யார் கணக்குன்னும் பேசிடுங்க. குழந்தைங்க இருக்கற எடத்துல இது நடக்கும். கேன்சல் பண்ணா பணம் திரும்பி வர்ற புக்கிங்கா பாருங்க, கொஞ்சம் அதிகமானாலும்.

கேள்வி: கையில மாட்டற காத்தடிச்ச ஃப்ளோட், அன்னப்பறவை மிதவை எல்லாம் வாங்கி வெச்சிட்டேன் அக்கா, இது போதுமா? தண்ணி சுத்தமா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஜெல்லி மீன் கொட்டினா என்ன பண்றது?

பதில்: அன்னப்பறவைய நீச்சல் குளத்துக்கு வெச்சுக்கோங்கம்மா, கடலுக்கு வேண்டாம். கரையிலேர்ந்து கடலப் பாத்து காத்து அடிச்சா நீங்க ஓடிப் பிடிக்கறதுக்குள்ள குழந்தையோட போயிடும். கையில மாட்டறதும் வெளையாட்டுச் சாமான் தான், கழண்டுடும், அத மாட்டினதும் நம்ம கண்ணு தளர்ந்துடும், அது தான் பெரிய கெடுதல். குழந்தையோட எடைக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் ஒண்ணு வாங்குங்க. நீச்சல் டிரஸ் பளிச்சுன்னு ஆரஞ்சு, ரோஸ், கிளிப்பச்சைன்னு எடுங்க, நீலமும் வெள்ளையும் தண்ணில கலந்து காணாமப் போயிடும். பாத்டப்புல போட்டு ஒரு தடவ பாருங்க, நான் சொல்றது புரியும்.

தண்ணிக்கு, 1985ல ஃப்ரான்ஸ்ல ஆரம்பிச்ச ப்ளூ ஃப்ளாக்னு ஒரு அங்கீகாரம் இருக்கு, இப்ப நெறைய நாட்டுல குடுக்கறாங்க, தண்ணி சோதனை, கழிப்பறை, பாதுகாப்பு எல்லாம் பாத்து சீசனுக்கு சீசன் புதுசா குடுக்கற கொடி அது, அதனால எப்பவோ வாங்கினத நம்பாம இந்த சீசனுக்கு இருக்கான்னு பாருங்க. கொடி இருந்தாலும் இல்லாட்டாலும் பெரு மழை பெஞ்சா குறைஞ்சது ஒரு நாள், முடிஞ்சா மூணு நாள் பசங்கள எறக்காதீங்க, ஊர் சாக்கடை எல்லாம் அடிச்சுட்டு அங்க தான் வந்து சேரும்.

ஜெல்லி கொட்டினா தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, சிறுநீர் ஊத்தணும்ங்கறது எவனோ கெளப்பி விட்ட கதை. கடல் தண்ணியாலயே கழுவி, ஒட்டியிருக்கற நூலு மாதிரிய ட்வீசரால எடுத்துட்டு, தாங்கற சூட்டுல வெந்நீர்ல அரை மணி நேரம் வைக்கணும், சூட்ட உங்க கையில பாத்துட்டு. மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ நேரா ஆஸ்பத்திரி. கரையில செத்துக் கிடக்கறதும் கொட்டும், குச்சியால நோண்டறவனக் கொஞ்சம் பாத்துக்கோங்க.

கேள்வி: என் மூணு வயசுப் பையனுக்கு கடல்னாலே பயம், அலைச் சத்தம் கேட்டாலே கழுத்தக் கட்டிக்கறான். கூட வர்ற குடும்பத்துப் பசங்க தண்ணிலயே கிடப்பாங்க, இவன் மட்டும் அழுதா அவனுக்கே ஒரு மாதிரி ஆயிடாதா? தூக்கிட்டுப் போய் ஒரு தடவ நனைச்சா பயம் தெளியும்ங்கறார் அவன் அப்பா.

பதில்: அப்பாவ முதல்ல நனைங்க. வெளையாட்டுக்குச் சொன்னேன், ஆனா அந்த வேலை மட்டும் வேண்டாம்மா, ஒரு தடவ வலுக்கட்டாயமா நனைச்சா அடுத்த மூணு வருஷம் பாத்ரூம் ஷவருக்கே அழுவான். அவன் உயரத்துக்குக் குனிஞ்சு பாருங்க, நமக்கு முழங்காலுக்கு வர்ற அலை அவனுக்கு நெஞ்சுக்கு மேல சுவர் மாதிரி எழும்பி வருது, பயப்படலன்னா தான் கவலைப்படணும்.

கடல அவன் கிட்ட கொண்டு வாங்க. முதல் நாள் ஈர மண்ணு முடியற எடத்துல உக்காந்து ஒரு குழி தோண்டுங்க, பக்கெட்ல கடல் தண்ணி மொண்டு வந்து ஊத்துங்க, மண்ணு உறிஞ்சும், மறுபடி ஊத்துங்க, அத அவனே ஊத்தறேன்னு கேப்பான். ரெண்டாவது நாள் கடல் வத்தின நேரமா பாத்துப் போங்க, பாறை இடுக்குல, மண்ணு பள்ளத்துல தண்ணி தேங்கி நிக்கும், குட்டி நண்டு ஓடும், அங்க அலையே வராது. மத்த பசங்களையும் கொஞ்ச நேரம் அந்தக் குழிக்குக் கூப்பிடுங்க, இவன் தோண்டினது, இவன் தான் அங்க ராஜா. அஞ்சு நாளும் குழியோட முடிஞ்சு போச்சுன்னா போகட்டும், அதுவும் பீச் தான்.

குழி மட்டும் அங்க இருக்கறதுலயே சின்ன வாண்டோட முழங்கால் அளவுக்கு மேல ஆழமா போகக் கூடாது, மண்ணு சட்டுனு சரிஞ்சு மூடிடும், உள்ள இருக்கறவன வெளிய எடுக்கறது நெனைக்கற மாதிரி சுலபம் இல்ல. சுரங்கம் தோண்டறேன்னு பெரிய பசங்க ஆரம்பிச்சா அங்கயே நிறுத்துங்க. கிளம்பும்போது மூடிட்டு வாங்க, இருட்டுல வர்றவங்க யாராவது கால விட்டுடுவாங்க.